ஃபிஜிக்காரனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்!

செவ்வாய்க்கிழமை. காரிமங்கலம் சந்தை. தேங்காய் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு வந்த பெரியவர் ஒருவர், டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடை டி.வி.யில் ஃபிஜித் தீவின் காவடித் திருவிழா ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் வேட்டி, அலகு, விபூதி... எல்லாம் நம்ம ஊர் முகங்கள். ஒருவரிடம் மைக்கை நீட்டினார்கள். அவர் இந்தி மாதிரி ஏதோ பேசினார்.

"பாருங்க சார், மூஞ்சி தமிழன் மூஞ்சி. வாயில தமிழ் வரல. வெக்கமா இல்ல இவனுங்களுக்கு?" என்றார் பெரியவர். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சுருக்கென்று தைத்தது.

நீங்களும் சிரிப்பதாக இருந்தால், அதற்கு முன்னால் அவர்கள் கதையைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள்.

1879 முதல் 1916 வரை ஃபிஜியின் கரும்புக் காட்டுக்கு வெள்ளைக்காரன் கப்பலேற்றிய இந்தியர்கள் 60,000 பேருக்கு மேல். அதில் 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தென்னிந்தியர்கள் சுமார் 15,000 பேர். ஐந்து வருட ஒப்பந்தம். 'அக்ரிமென்ட்' என்ற சொல் வாயில் நுழையாமல் 'கிர்மிட்' ஆனது. பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்து அழுதாரே, அது இவர்களுக்காகத்தான். தமிழர், தெலுங்கர், மலையாளி என்று பிரித்துப் பார்க்க அங்கே ஆளில்லை. எல்லோருக்கும் ஒரே பெயர், 'மதராஸி'. சுற்றிலும் வடக்கத்தியக் கூலிகள். அவர்களோடு பேசிப் பேசி ஃபிஜி இந்திதான் எல்லோருக்கும் பொதுமொழியானது. தமிழ் வீட்டுக்குள் ஒடுங்கியது.

அதற்காக அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களா? இல்லை. கூலி ஒப்பந்தங்கள் 1920-ல் ரத்தாயின. ஆறே வருடத்தில், 1926-ல், சாது குப்புசுவாமி முன்னின்று நாடி நகரில் 'தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' தொடங்கினார்கள். அரை வயிற்றுக் கஞ்சி குடித்தவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்று ராமகிருஷ்ண மிஷன் துறவிகளை இங்கிருந்து வரவழைத்தார்கள். சங்கத்துப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. தீமிதி இருக்கிறது. நம் தர்மபுரிப் பக்கத்துத் தெருக்கூத்துகூட அங்கே பிழைத்துக் கிடக்கிறது. 2013-ல் வந்த அந்நாட்டு அரசியல் சட்டம், ஃபிஜிய மொழியையும் ஃபிஜி இந்தியையும் தொடக்கப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. தமிழுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அரசாங்கம் கை கொடுக்காத ஊரில், கடல் நடுவில், நூறு வருடமாக ஒரு மொழியைக் கெஞ்சிக் கெஞ்சிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நழுவியது போக மிச்சம்தான் டி.வி.யில் பார்த்தது.

இப்போது காரிமங்கலத்துக்கு வாருங்கள். காலை ஏழரை மணிக்கு மெயின் ரோட்டில் நில்லுங்கள். மஞ்சள் வேன்கள் வரிசையாக வரும். தேங்காய் வியாபாரி பிள்ளை, டெய்லர் பிள்ளை, மாடு விற்றுப் பணம் கட்டியவர் பிள்ளை, எல்லாம் உள்ளே. நம்மை யார் கப்பலில் ஏற்றினார்கள்? எந்தக் கங்காணி சாட்டையைத் தூக்கினான்? நாமே பணம் கட்டி, நாமே பையைத் தூக்கி ஏற்றிவிட்டு, நாமே டாட்டா காட்டுகிறோம்!

"இங்கிலீஷ் இல்லாம பொழைக்க முடியுமா?" என்பீர்கள். முடியாது. நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தை ஒரு மொழியாக, ஒழுங்காகக் கற்றுக்கொடுங்கள். ஆங்கிலம் கற்பது வேறு, புரியாத ஆங்கிலத்தில் கணக்கும் அறிவியலும் மனப்பாடம் செய்வது வேறு. ஏழாவது படிக்கிற பிள்ளை 'போட்டோசிந்தசிஸ்' என்று கடகடவென ஒப்பிக்கிறது. இலைக்கு வெயில் எதுக்குடா என்று கேட்டால் முழிக்கிறது. இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. இதுதான் பிழைக்கும் வழியா?

பெற்றோரை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். 2006-ல் சட்டம் போட்டுத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய அரசாங்கம், 2012-ல் தன் பள்ளிகளிலேயே ஆங்கிலவழி வகுப்புகளை வரிசையாகத் திறந்தது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத இடம் என்று 2010-ல் இன்னொரு சட்டம் வந்தது. வேன் ஏற்றிவிடும் எத்தனை அப்பாக்களுக்கு இது தெரியும்? எந்த மேடையிலாவது, எந்தத் தலைவராவது, "என் பேரன் தமிழ்வழியில் படிக்கிறான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. நம் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். தமிழுக்காக நான் கேட்கிற நியாயம் அந்தப் பிள்ளைகளின் அம்மா பேச்சுக்கும் உண்டு. அவர்களை 'மதராஸி' கணக்கில் ஒரே மூட்டையாகக் கட்டினால், நாமும் அந்தக் கரும்புத் தோட்டத்து வெள்ளைக்காரன்தான்.

கடைசியாக என் வீட்டுக் கதை. தமிழிலேயே எழுதி, தமிழிலேயே சோறு தின்கிற நான், என் மகனை ஆங்கிலவழியில்தான் சேர்த்தேன். ஊரோடு ஒத்துப் போனேன். அவன் மகளிடம் சென்ற மாதம் என் கட்டுரை ஒன்றை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி, எழுத்துக் கூட்டி நாலாவது வரியில் நின்றுவிட்டாள். "தாத்தா, நீங்களே படிச்சுச் சொல்லிடுங்களேன்" என்றாள். அன்றிலிருந்து தினம் ராத்திரி ஒரு பக்கம் அவளோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். ரொம்ப லேட்தான், தெரியும்.

இந்தப் பத்திரிகையை மூடி வைக்காதீர்கள். இந்தப் பக்கத்தை அப்படியே உங்கள் பிள்ளை கையில் கொடுங்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியையாவது தடங்கலில்லாமல் தாண்டுகிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம் சொல்லுங்கள், ஃபிஜிக்காரனைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று.