குளிர்ச்சி யாருக்கு?

கோடை வந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் கரிசல் பூமி வெடித்துப் பிளக்கிறது. கண்மாய்கள் வறண்டுபோகச் சீமைக்கருவேலம் ஒன்றே பசுமை காட்டி நிற்கிறது. நிழலிலும் உஷ்ணம் 40 டிகிரியை நெருங்குகிறது. இவ்வளவும் நமக்குப் பழகிய சங்கதி. ஆனால், வசதி படைத்தோர் வீட்டுச் சுவர்களில் ஏ.ஸி. யந்திரத்தின் வெளிப்பெட்டிகள் வருஷத்துக்கு வருஷம் பெருகி வருகின்றன. உள்ளே இருப்பவர் போர்வை போர்த்தி உறங்குகிறார். அப்பெட்டி கக்கும் அனற்காற்றோ சந்தின் எதிர்ப்புறத்துத் தகரக் கூரையின்கீழ் உறங்க முயலும் நெசவாளியின் முகத்தில் வீசுகிறது. இது அவரவர் சொந்தச் சௌகரியம் என்று சிலர் கூறக்கூடும். ஊர்ப் பொது விஷயம் என்பதே நமது அபிப்பிராயம்.

யந்திரத்தின் தத்துவத்தை அறிந்தவர்கள் நம்மோடு உடன்படுவார்கள். நமது முன்னோர் கமலை கட்டி நீர் இறைத்தனர். கமலை தண்ணீரை உண்டாக்கியதில்லை. கிணற்றில் கிடந்த நீரை வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏ.ஸி. யந்திரமும் அவ்வாறே அறைக்குள் இருக்கும் உஷ்ணத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது. இங்கே மாட்டின் வேலையை மின்சாரம் செய்கிறது. சாலின் வேலையைக் குழாய்களுக்குள் சுற்றிவரும் ஒரு வாயு செய்கிறது. வெளிப்பெட்டியிலுள்ள அமுக்கி அவ்வாயுவை அழுத்துகிறது. அழுத்தத்தால் அது வெளிக்காற்றைவிடச் சூடாகிறது. விசிறி அச்சூட்டைக் காற்றில் வாரி இறைக்க, வாயு குளிர்ந்து திரவமாகிறது. அத்திரவம் ஒரு சிறு துவாரத்தின் வழியே பாய்ந்து அழுத்தம் குறையும்போது மிகவும் குளிர்ந்து, அறைக்குள் சென்று, அங்குள்ள உஷ்ணத்தை உறிஞ்சி மீண்டும் வாயுவாகிறது. இவ்வாறு ஒரு பங்கு மின்சாரம் ஏறக்குறைய மூன்று பங்கு உஷ்ணத்தை இடம் பெயர்த்துவிடுகிறது.

வாயுவின் ஓட்டத்தைத் திருப்பும் வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டால் அதே யந்திரம் வெளியே உள்ள உஷ்ணத்தை வீட்டிற்குள் கொண்டுவரும். குளிர்ந்த காற்றில் உஷ்ணம் ஏது என்று வாசகர்கள் கேட்கலாம். காற்றைவிடக் குளிர்ந்த திரவம் அக்காற்றிலிருந்தும் உஷ்ணத்தை ஏற்றுக்கொள்ளும். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்ஸன் 1852-லேயே இதனை விளக்கினார். இன்று நார்வே, ஸ்வீடன் போன்ற பனிநாடுகளில் இலட்சக்கணக்கான வீடுகள் இவ்வழியில் சூடு பெறுகின்றன. உறைபனி விழும் உதகமண்டலத்துக்கும் இது உதவும். கரிசல் சீமைக்கோ குளிர்ச்சி ஒன்றே தேவை.

இறைத்த உஷ்ணம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. அறையின் உஷ்ணத்தோடு யந்திரத்துக்குச் செலவாகும் மின்சாரமும் உஷ்ணமாகி வெளியே சேர்கிறது. ஆகவே உள்ளே குறைந்ததைவிட வெளியே கூடியது அதிகம். வெளிக்காற்று சூடேறச் சூடேற யந்திரமும் அதிகம் உழைக்க வேண்டும். குறுகிய சந்தில் பத்துப் பெட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்று கக்கிய அனலை மற்றொன்று விழுங்கும்; அயலாருக்குத் துன்பம், உடையவருக்கு மின்கட்டணம். அயலானுக்குத் தீங்கு நேராதபடி உன் உடைமையை அனுபவி என்பது நீதிமன்றங்களில் பழகியவர்கள் அறிந்த பழைய நியாயம். கழிவுநீரை அடுத்த வீட்டு வாசலில் விடுவது குற்றமாயின், கழிவு உஷ்ணத்தை விடுவது மட்டும் எவ்வாறு உரிமையாகும்?

குளிர்ச்சி சிலருக்கே உரியதாயிருப்பது நமது நாட்டில் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி சென்னைக்கு வந்தது. அதைச் சேமித்து வைக்க 1842-ல் கடற்கரையோரம் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு நிற்கிறது. அக்கட்டியைச் சுவைத்தோர் வெள்ளைத் துரைகளும் அவர்களையடுத்த செல்வருமே. அந்நியர் போய்விட்டனர், ஆயினும் 2019-ல் இந்திய சர்க்கார் வெளியிட்ட குளிர்ச்சிச் செயல் திட்டத்தின்படி, ஏ.ஸி. உள்ள வீடுகள் நூற்றுக்கு எட்டு அளவே. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க உத்தரவிட்டது. இதை மனமார வரவேற்கிறோம். ஆனால் நிவாரணம் இறந்தபின் வருவது; இறவாமல் காப்பதன்றோ அரசின் முதற்கடமை?

எல்லோருக்கும் ஏ.ஸி. கொடுத்துவிடுவது பரிகாரமாகுமா? ஆகாது. நெசவாளியின் நிலையையே பாருங்கள். ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற சொல்லையே 1906-ல் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பஞ்சாலைகளைக் கருதித்தான் ஆக்கினார். காற்று உலர்ந்தால் நூல் அறும் என்பதால் காற்றுக்கு ஈரமூட்டுவதே அவருடைய நோக்கம். இன்றைய வீட்டு யந்திரமோ காற்றிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுத்துவிடுகிறது. குழித்தறியின் ஈரத்தை நம்பிப் பாவு காப்பவனுக்கு இதனால் நன்மை இல்லை. அவனுக்கு வேண்டியது சுடாத கூரை. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தகரத்தின்கீழ் ஓலைத்தட்டி கட்டினால் அனல் இறங்குவது குறையும். வாசலில் ஒரு வேம்பு நின்றால் மின்கட்டணமின்றி நிழல் கிட்டும்.

யந்திரத்தை வெறுக்கும் கட்சியைச் சேர்ந்தவர்களல்லர் நாம். நோயாளிக்கும், பிரசவித்த தாய்க்கும், பச்சிளங்குழந்தைக்கும் அது உயிர்காக்கும் கருவி. நீரைத் தெளித்துக் குளிரூட்டும் பெட்டி வறண்ட காற்றில் நன்கு வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் குடத்தோடு குழாயடியில் காத்திருக்கும் ஊரில் தண்ணீருக்கு எங்கே போவது? ஏ.ஸி. அவ்வாறு தண்ணீர் கேட்பதில்லை. திருச்சுழிக்கு அப்பால் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குகிறது. நம்மைச் சுடும் வெயிலே பகலில் நம்மைக் குளிர்விக்கவும் வல்லது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே நாம் கோருவன இவை. இச்சீமையின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பொது வார்டுகளுக்கும் பிரசவ வார்டுகளுக்கும், அதிகாரிகளின் அறைகளுக்கு முன்னரே, குளிர்ச்சி கிட்ட வேண்டும். தகர வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையை நகராட்சியும் ஊராட்சிகளும் பங்குனிக்குள் முடிக்க வேண்டும். வெளிப்பெட்டியை அயலார் ஜன்னலுக்கு எதிரே வைக்கலாகாது என்ற விதி வேண்டும். ஏ.ஸி. வாங்குவோர் நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்கி, 24 டிகிரியோடு திருப்தி அடைய வேண்டும். 2020 முதல் யந்திரங்கள் அந்த அளவிலேயே தொடங்கும்படி மத்திய சர்க்கார் விதித்திருப்பது தக்க காரணத்தோடுதான்.

பொதுஜன ஊழியர்கள் இவ்வேலையைத் தேர்தல் மேடைக்காகக் காத்திராமல் தெருத்தெருவாக மேற்கொள்வார்களாக. ஒரு வீட்டின் குளிர்ச்சி மறுவீட்டின் அனலாக முடியும் ஊரில் சமத்துவத்தைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சேயாகும்.