சுவரும் நமக்குப் பாடம்தான்



"டிப்ளமா முடிச்சா சைட்டுல நின்னு வேலை வாங்கலாம், கையில மண்ணு ஒட்டாது." இது நம்மில் பலர் வீட்டில் கேட்கிற பேச்சு. கொத்தனார் மகனான நானும் கேட்டதுதான். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனாலும் சொல்கிறேன், கைவேலையை மட்டமாக நினைக்க வைக்கிற படிப்பு அரைப் படிப்புதான்!

கே.ஜி. சுப்ரமணியன் என்று ஒரு ஓவியர். 1924-ல் கேரளத்துக் கூத்துப்பறம்பில், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் குதித்துச் சிறை சென்றார். அதனால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடியது. 1944-ல் சாந்திநிகேதன் போய் நந்தலால் போஸ் போன்றவர்களிடம் ஓவியம் கற்றார். பின்பு பரோடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

இவ்வளவு படித்தவர் என்ன செய்தார் தெரியுமா? களிமண்ணைக் கையில் எடுத்தார்! லக்னோ ரவீந்திராலயா கட்டடத்தில் 1963-ல் 81 அடி நீளத்துக்குச் சுடுமண் ஓடுகளாலேயே சுவரோவியம் அமைத்தார். தாகூரின் நாடகம்தான் அதன் கரு. பொம்மைகள் செய்தார். கைத்தறி வாரியத்திலும் பணியாற்றினார். குயவர், நெசவாளர் கைத்திறனை அவர் ஓவியத்துக்குக் கீழே வைக்கவில்லை. 2009-ல், 85 வயதில், சாந்திநிகேதனில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்களைக் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களால் நிரப்பினார். 2012-ல் பத்ம விபூஷண் வந்தது. 2016-ல் மறைந்தார்.

நம்ம பக்கத்துப் பனமலைக்கு வாருங்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் சுவரில் பார்வதி ஓவியம் இன்னும் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் அழிந்துபோயின. வரைந்தவர் பெயர் நமக்குத் தெரியாது. செஞ்சிக் கோட்டைச் சுவரிலோ ஆணியால் கீறிய பெயர்கள்தான் தெரிகின்றன. இது நமக்கு அழகா?

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை ஒன்றுதான். ஒர்க்ஷாப் பக்கத்து வெறும் சுவரை நமக்குத் தரச் சொல்லி முதல்வரிடம் கேளுங்கள். சிவில்காரர்கள் ஓதம் ஏறாமல் பூச்சு பூசட்டும். மெக்கானிக்கல்காரர்கள் சாரம் அமைக்கட்டும். வரையத் தெரிந்தவர்கள் வரையட்டும். உடைந்த ஓடு, டைல்ஸ் துண்டு, சிமெண்டு இருந்தால் போதும். பெரிய செலவில்லை, நல்ல செய்முறைப் பாடமும் ஆச்சு!

ஆண்டு விழா பேனர் ஒரு மழைக்குத் தாங்காது. நாம் கை வைத்த சுவர், நமக்கு அடுத்து வருகிற பிள்ளைகளுக்கும் நிற்கும்.

- இரண்டாம் ஆண்டு, சிவில்