லெவன் ப்ளஸ்: நாம கைதட்டுற அநியாயம்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம். ஆனா போன வாரம் ஒரு வீட்டு விசேஷத்துல பார்த்த காட்சி தூங்க விடலை. அதான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து தட்டிக்கிட்டு இருக்கேன். யாரையும் புண்படுத்தணும்னு எழுதலை. புண்பட்டா பின்னூட்டத்துல வந்து திட்டுங்க, ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)

விசேஷம் வேற ஒண்ணுமில்லை. நண்பர் ஒருத்தரோட பையன் லெவன் ப்ளஸ் பாஸ் பண்ணிட்டான். கேசரி, வடை, பிரியாணின்னு தடபுடல். வந்தவங்க எல்லாரும் அவனுக்குக் கை கொடுத்துட்டு, பக்கத்துல நின்ன இன்னொரு பையனைப் பார்த்து, "உனக்கு என்னடா ஆச்சு?"ன்னு கேட்டாங்க. அவனும் அதே பரீட்சை எழுதினவன். மூணாவது ஆள் கேட்டதும் அவன் மாடிக்குப் போயிட்டான். சாப்பிடக் கீழே வரவே இல்லை. அவங்கம்மா ஒரு தட்டுல வடை வச்சு எடுத்துக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரும்போது வடை அப்படியே இருந்தது.

அந்தப் பையனுக்கு வயசு பத்து.

இங்கிலாந்துல இல்லாதவங்களுக்காகக் கொஞ்சம் கதைச்சுருக்கம். நான் இருக்கிறது ட்ராஃபோர்ட். மான்செஸ்டர் யுனைடெட் மைதானம் இருக்கிற அதே ட்ராஃபோர்ட்தான். கிரேட்டர் மான்செஸ்டர்ல இருக்கிற பத்து மெட்ரோபாலிட்டன் பரோக்கள்ல ஒண்ணு. 1974-ல செஷையர்ல இருந்து ஆல்ட்ரிங்கம், சேல், லங்காஷையர்ல இருந்து ஸ்ட்ரெட்ஃபோர்ட், அர்ம்ஸ்டன்னு சில ஊர்களைச் சேர்த்து ஒட்டினாங்க. தெற்கே ஹேல், பௌடன்னு பங்களா ஏரியா. மேற்கு ஓரத்துல பார்ட்டிங்டன், கவுன்சில் வீடுகள் நிறைஞ்ச ஊர், 1964-ல ரயில் ஸ்டேஷனை மூடினதோட சரி. ரெண்டும் ஒரே பரோ, ஒரே கவுன்சில்.

இங்கே பிள்ளைங்க நாலு வயசுல ரிசப்ஷன் வகுப்புல சேர்ந்து, இயர் சிக்ஸ் வரைக்கும் ஒரே தொடக்கப்பள்ளியில ஒண்ணா படிக்கிறாங்க. டாக்டர் பிள்ளை, பஸ் டிரைவர் பிள்ளை, நம்ம பிள்ளை எல்லாம் ஒரே கம்பளத்துல உட்கார்ந்து கதை கேட்குதுங்க. பார்க்கவே நல்லா இருக்கும். அப்புறம் இயர் சிக்ஸ் ஆரம்பிச்ச செப்டம்பர்லயே பரீட்சை. அக்டோபர்ல ரிசல்ட். பாஸானா கிராமர் ஸ்கூல், இல்லைன்னா ஹை ஸ்கூல். பரோவுல மொத்தம் ஏழு கிராமர் ஸ்கூல். ஆல்ட்ரிங்கம்ல பசங்களுக்கு ஒண்ணு, பொண்ணுங்களுக்கு ஒண்ணு, சேல், ஸ்ட்ரெட்ஃபோர்ட், அர்ம்ஸ்டன்ல ஒவ்வொண்ணு, அப்புறம் கத்தோலிக்கப் பள்ளிகள் ரெண்டு.

இங்கிலாந்து முழுக்க இப்படித்தான்னு நினைச்சுடாதீங்க. 1944 கல்விச் சட்டத்துக்கு அப்புறம் நாடு பூரா இருந்த ஏற்பாடு இது. பதினோரு வயசுல பிள்ளைங்களை வடிகட்டி, மேலே நின்னவங்களுக்கு கிராமர், மிச்சப் பேருக்கு செகண்டரி மாடர்ன். 1965-ல கல்வி அமைச்சரா இருந்த ஆந்தனி கிராஸ்லாண்ட் அனுப்பின சுற்றறிக்கைக்குப் பிறகு பெரும்பாலான ஊர்கள் இதைக் கைவிட்டு, எல்லாருக்கும் ஒரே பள்ளின்னு காம்ப்ரிஹென்சிவுக்கு மாறிடுச்சு. எங்களை ஒட்டி இருக்கிற மான்செஸ்டர் நகரமும் மாறிடுச்சு. இன்னைக்கு நாட்டுல 3,000க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகள்ல கிராமர் ஸ்கூல் வெறும் 163. அதுல ஏழு எங்க பரோவுல. அதைத்தான் எஸ்டேட் ஏஜெண்டுங்க வீட்டு விளம்பரத்துல போட்டு வித்துக்கிட்டு இருக்காங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். "அறிவுள்ள பிள்ளை பாஸ் பண்ணுது, இதுல என்ன அநியாயம்?"னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இப்போ என் வாக்குமூலத்தைக் கேளுங்க.

பெரியவ மூணு வருஷம் முன்னாடி பாஸ் பண்ணினா. அப்போ நானும் கேசரி கிண்டினேன். ஆனா அந்தக் கேசரிக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நடந்தது என்னன்னு யாருக்கும் சொல்லலை. இந்தப் பரீட்சையில வெர்பல் ரீசனிங், நான்-வெர்பல் ரீசனிங்னு வரும். எழுத்துகளை மாத்திப் போட்டு ரகசியக் குறியீடு கண்டுபிடிக்கிறது, வடிவங்களைச் சுழற்றினா அடுத்தது எதுன்னு சொல்றது, அந்த மாதிரி. இது தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்துல கிடையாது. அப்போ பிள்ளை எங்கே கத்துக்கும்? சனிக்கிழமை காலையில ட்யூஷன். மணிக்கு 40 பவுண்டு. வீட்டுல மூட்டை மூட்டையா பயிற்சிப் புத்தகம். கடைசி ஆறு மாசம் ஞாயித்துக்கிழமை மாக் டெஸ்ட். நீச்சல் போச்சு, பாட்டு கிளாஸ் போச்சு. ஆரம்பத்துல முதல் பேப்பர்ல பாதி கூட வாங்காதவ, ரெண்டு வருஷத்துல நிமிஷத்துக்கு ரெண்டு கேள்வி போட ஆரம்பிச்சா. அவ அறிவு ரெண்டு மடங்கு ஆச்சுன்னா சொல்றீங்க? பழக்கம் ஆச்சு, அவ்வளவுதான்.

அவளோட ரிசப்ஷன் காலத்துத் தோழி ஒருத்தி இருந்தா. அப்பா இல்லை, அம்மா ராத்திரி ஷிஃப்ட்ல முதியோர் இல்லத்துல வேலை. எங்க வீட்டுக்கு வந்தா, என் பொண்ணுக்குப் பின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறதே அவதான். என்னை விட நல்லா சொல்லிக் கொடுப்பா, இது சத்தியம். அவளும் எழுதினா. ட்யூஷன் கிடையாது, நான்-வெர்பல்னா என்னன்னே பரீட்சை ஹால்லதான் பார்த்தா. கொஞ்ச மார்க்குல போச்சு. என் பொண்ணு பாஸ், அவளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவ ஃபெயில்.

இப்போ ரெண்டு பேரும் ரெண்டு கலர் பிளேசர் போட்டுக்கிட்டு ரெண்டு திசையில போறாங்க. முதல் ஆறு மாசம் போன்ல பேசிக்கிட்டாங்க. இப்போ அதுவும் இல்லை. ஒரு நாள் கடை வாசல்ல அந்தப் பொண்ணைப் பார்த்தேன். "அங்கிள், அவ இன்னும் மேத்ஸ்ல அழறாளா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா. எனக்குத்தான் பதில் சொல்ல நா எழலை.

ஒரு வீட்டுக் கதையை வச்சுப் பொதுவா பேசக் கூடாது, சரி. 2013-ல சட்டன் டிரஸ்ட்னு ஒரு கல்வி அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. கிராமர் ஸ்கூல்ல சேர்றவங்கள்ல இலவச மதிய உணவுக்குத் தகுதியான ஏழைப் பிள்ளைங்க 3 சதவீதம் கூட இல்லை. ஆனா கிட்டத்தட்ட 13 சதவீதம் பேர் அரசுப் பள்ளிக்கு வெளியே இருந்து, பெரும்பாலும் கட்டணம் கட்டிப் படிக்கிற பள்ளிகள்ல இருந்து வர்றாங்க. ஏழை வீட்டுப் பிள்ளையைக் கைதூக்கி விடுற ஏணின்னு சொல்றாங்களே, அந்த ஏணியில யார் ஏறிக்கிட்டு இருக்காங்கன்னு இப்போ புரியுதா? காசு கட்டி ஏழு வருஷம் படிக்க வைக்கிறதுக்குப் பதிலா ரெண்டு வருஷ ட்யூஷன்ல முடிச்சுடுறோம். கணக்கு நல்லாத்தான் இருக்கு, மிச்சம் நம்ம பாக்கெட்ல.

"ஆனா ட்ராஃபோர்ட் ரிசல்ட் நாட்டுலயே டாப் ஆச்சே!"ன்னு ஒருத்தர் வருவார், அவருக்கும் பதில் வச்சிருக்கேன். ஜி.சி.எஸ்.இ. ரிசல்ட் நல்லாத்தான் இருக்கும், மறுக்கலை. இங்கே இருக்கிற சில ஹை ஸ்கூல்களும் நல்லாவே நடக்குது, அதையும் மறுக்கலை. ஆனா வசதியான ஊர், படிச்ச பெற்றோர், பக்கத்து ஊர்கள்ல இருந்து வேற தேறின பிள்ளைங்க டிராம் ஏறி வருதுங்க. வடிகட்டி எடுத்த டிகாஷன் திக்கா இருக்குன்னு ஃபில்டருக்கு மெடல் கொடுப்பீங்களா? 2018-ல டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டீபன் கோரார்டும் நாடியா சித்திக்கியும் இதைத்தான் பார்த்தாங்க. சேர்ற பிள்ளைங்களோட பின்னணியைக் கணக்குல எடுத்துக்கிட்டா, கிராமர் ஸ்கூல் மத்தப் பள்ளிகளை விடத் தனியா ஒண்ணும் கிழிக்கலைன்னு தெரிஞ்சது.

நம்ம தமிழ்க் கூட்டத்துக்கிட்ட நான் நேரடியா கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. கோபப்படாதீங்க. நீட் வந்தப்போ நாம என்ன எழுதினோம்? "பன்னிரண்டு வருஷம் படிச்ச படிப்பை ஒரு நாள் பரீட்சை தீர்மானிக்கலாமா? கோச்சிங் சென்டருக்கு லட்சம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளை என்ன பண்ணும்?"னு பதிவு பதிவா போட்டோம். நானும்தான் போட்டேன். இன்னமும் அதுல மாற்றம் இல்லை. அந்தப் பரீட்சை பதினேழு, பதினெட்டு வயசுல வருது. இங்கே அதே கொடுமை பத்து வயசுல வருது. நீட்டை எதிர்த்து விடிய விடிய எழுதுற அண்ணாச்சி ஒருத்தர், விடிஞ்சதும் சனிக்கிழமை ட்யூஷனுக்கு கார் எடுக்கிறார். அவர் வேற யாரும் இல்லை, நான்தான் :-(

இன்னொரு விஷயம் யாருமே பேசறதில்லை. 1948 ஜூலை 5-ம் தேதி அன்யூரின் பெவன் வந்து என்.ஹெச்.எஸ். மருத்துவ சேவையைத் தொடங்கி வச்சது எந்த ஊர்ல தெரியுமா? எங்க பரோவுல இருக்கிற டேவிஹூல்ம்ல. அன்னைக்கு அதுக்குப் பேர் பார்க் ஆஸ்பத்திரி, இன்னைக்கு ட்ராஃபோர்ட் ஜெனரல். முதல் நோயாளி 13 வயசுப் பொண்ணு. உன் அப்பா என்ன வேலை, எத்தனை மார்க்னு யாரும் கேட்கலை. உடம்பு சரியில்லையா, உள்ளே வா, அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியை நினைச்சுப் பெருமைப்படுற அதே ஊர், அதுக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளையை மட்டும் வாசல்ல நிறுத்தி, "நீ இந்தக் கதவு, நீ அந்தக் கதவு"ன்னு பிரிக்குது. ஆஸ்பத்திரிக்கு ஒரு நியாயம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு நியாயமா?

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றே, உடனே மூடிட முடியுமா?" முடியாதுதான். 1998 சட்டப்படி புது கிராமர் ஸ்கூல் தொடங்கக் கூடாது. இருக்கிறதை மாத்தணும்னா தகுதியுள்ள பெற்றோர்ல 20 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு ஓட்டெடுப்பு கேட்கணும். நாடு முழுக்க இதுவரைக்கும் ஒரே ஒரு ஓட்டெடுப்புதான் நடந்திருக்கு. 2000-ல ரிப்பன்ங்கிற ஊர்ல. சுமார் மூணுல ரெண்டு பங்கு பேர் கிராமர் ஸ்கூல் இருக்கட்டும்னு போட்டுட்டாங்க. 2016-ல தெரசா மே புதுசா கிராமர் ஸ்கூல் திறக்கலாம்னு கிளம்பினார், 2017 தேர்தல்ல பெரும்பான்மை போனதும் அதைக் கைவிட்டார். ஆகக்கூடி, கூட்டவும் மாட்டாங்க, குறைக்கவும் மாட்டாங்க. எல்லா கட்சிக்கும் இது தொட்டா சுடுற அடுப்பு.

அதனால நம்ம கையில இருக்கிறதை மட்டும் சொல்றேன். ஒண்ணு, ரிசல்ட் பார்ட்டியை நிறுத்துங்க. கேசரி வேணும்னா தீபாவளிக்குக் கிண்டுங்க. ரெண்டு, பத்து வயசுப் பிள்ளைகிட்ட "பாஸா, ஃபெயிலா"ன்னு கேட்காதீங்க, "புது ஸ்கூல்ல என்ன விளையாடப் போறே?"ன்னு கேளுங்க. மூணு, "எம் பிள்ளை தானா படிச்சு பாஸ் பண்ணிச்சு"ன்னு வாட்ஸ்அப்ல அளக்காதீங்க. எத்தனை மணி நேரம், எத்தனை பவுண்டுன்னு உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பொய்யை நம்பித்தான், வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை தனக்கு மூளை கம்மின்னு முடிவு பண்ணுது. நாலு, உங்க கவுன்சிலர் ஓட்டு கேட்டு வர்றப்போ குப்பைத்தொட்டி பத்தி மட்டும் பேசாம, இதையும் கேளுங்க.

இதைப் படிச்சுட்டுத் தங்கமணி சொன்னது: "உன் பொண்ணு உள்ளே போன அப்புறம் உனக்கு ஞானோதயம். சின்னவன் இப்போ இயர் ஃபோர். உன் கொள்கைக்கு அவனைப் பலி கொடுக்கப் போறியா?" இந்தக் கேள்விக்கு முன்னாடி நான் மேலே எழுதின எதுவும் நிக்காது, எனக்குத் தெரியும். ட்யூஷன் சேர்க்கை ஃபாரம் ஒரு மாசமா ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல தொங்குது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

நேத்து சின்னவன்கிட்டயே கேட்டேன். "அக்கா மாதிரி சனிக்கிழமை போகணுமாப்பா? அப்போ கிரிக்கெட்?"னான். அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சு, பக்கத்து வீட்டுல இருக்கிற தன் கூட்டாளி பேரைச் சொல்லி, "அவனும் வருவானா?"ன்னான்.

அவன் வர மாட்டான். அவங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஃபாரத்தை எடுத்து டிராயர்ல போட்டுட்டேன். தங்கமணி இன்னும் பேசலை. மாத்தி யோசிக்கச் சொல்றவங்க பின்னூட்டத்துல வரலாம், ஆனா ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னும் சேர்த்து எழுதிடுங்க.

டிஸ்கி: கேசரி நல்லாத்தான் இருந்தது. அதையும் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்.