உப்புக் காற்றும் வாகனக் கதவும்



வீடு கட்டுகிறவர்கள் சமையலறைக்கு என்ன டைல்ஸ், ஹோலுக்கு என்ன நிறம் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். வாகனம் நிறுத்தும் இடத்துக்குக் கதவு என்று வரும்போது கையிருப்பு முடிந்திருக்கும். வெளிநாட்டிலிருக்கும் மாப்பிள்ளை போனில் படம் பார்த்துச் சரி என்பார், கடைக்காரர் அனுப்பிவிடுவார். அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடப் போவது நீங்கள்தானே! உங்களிடம் யாராவது கேட்டார்களா?

கற்பிட்டி, நுரைச்சோலை, பாலாவிப் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் எதிரி காற்று. ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு. உப்பு விளைய உதவுகிற அதே வெயிலும் காற்றும்தான் நம் வீட்டு இரும்பையும் தின்கின்றன. மே தொடக்கம் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குக் காற்று மணலையும் சேர்த்துக் கொண்டுவரும்.

வெறும் இரும்புத் தகட்டுக்குப் பெயின்ட் காவலாகாது. ஒரு கீறல் விழுந்தால் போதும், கறள் பெயின்டுக்கு அடியால் ஊர்ந்து போகும். நாகமும் அலுமினியமும் கலந்து பூசிய தகடாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பூச்சில் நூற்றுக்கு 55 பங்கு அலுமினியம், மீதியில் பெரும்பகுதி நாகம், கொஞ்சம் சிலிக்கன். முழு அலுமினியக் கதவு கறளே பிடிக்காது. ஆனால் விலை கூட, மெல்லியதாக இருந்தால் காற்றுக்கு வளையும். தகடு நல்லது என்று திருப்திப்பட்டு ஆணியையும் நட்டையும் மலிவில் வாங்கினால் கறள் அங்கிருந்தே தொடங்கும். பூச்சு வேலை மிச்சமிருக்கும்போது கதவைப் பொருத்த விடாதீர்கள். ஈரச் சீமெந்து தெறித்தால் அந்தப் பூச்சையே அரித்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கதவின் வெளிப்பக்கத்தை மழை கழுவிவிடும். உட்பக்கத்தையும் மேலே சுருண்டிருக்கும் பகுதியையும் கழுவ யாருமில்லை. படிந்த உப்பு அங்கேயே கிடந்து அரிக்கும். மாதம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உட்பக்கத்தைத் துடையுங்கள். உவர்க் கிணற்று நீர் வேண்டாம். ஓரத் தண்டவாளத்தில் சேரும் மணலைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். அங்கே கிரீஸ் அப்பினால் மணல் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது மோட்டர். ரிமோட்டை அழுத்தினால் கதவு எழும்புவது சொகுசுதான். 2022 மார்ச் 31இல் நாடெங்கும் 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாம், நாடே இருண்டது. நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றுபோய் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. மின்சாரம் பிறக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு நாமும் மெழுகுதிரி தேடினோம்! ஆகவே மோட்டர் வைத்தாலும் கையால் திறக்கும் வசதி இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு வேறு வாசல் இல்லையென்றால் வெளியிலிருந்தே மோட்டரை விடுவிக்கும் சாவியும் அவசியம். நடுச்சாமத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டினால், முச்சக்கர வண்டி உள்ளே கிடக்க நீங்கள் கதவோடு போராடக் கூடாது.

மோட்டர் கதவில் பிள்ளைகள் அகப்பட்டு இறந்ததால் அமெரிக்காவில், 1993 ஜனவரி முதல் தயாராகும் வீட்டு வாகனக் கதவு மோட்டர்கள், தடைபட்டால் கதவைத் திரும்ப மேலே கொண்டுபோக வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். இங்கே அதை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். பொருத்தியதும் தரையில் ஒரு மரத்துண்டை வைத்து மூடிப் பாருங்கள். கதவு அதில் பட்டுத் திரும்பாவிட்டால் அந்த மோட்டர் வேண்டாம். ரிமோட் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானும் அல்ல. கதவை மூடிக்கொண்டு உள்ளே வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதும் ஆபத்து. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

பர்தா கருதி ஓட்டை இல்லாத தகட்டைத்தான் நம்மவர்கள் விரும்புகிறார்கள். நல்லது, மேலே சுவரில் காற்றுக் கற்கள் வைக்கச் சொல்லுங்கள். வெங்காயமும் கருவாடும் அங்கேதானே அடுக்குகிறோம்!

மஃரிபோடு பிஸ்மி சொல்லிக் கதவைச் சாத்துவது நம் உம்மாமார் பழக்கிய ஸுன்னத். அந்த நேரத்தில் ஒற்றையாளாக இழுத்து மூடக்கூடியதா என்பதைப் பணத்தை முழுதாகக் கொடுக்குமுன் பாருங்கள். மோட்டரைக் கழற்றிவிட்டு, கதவைப் பாதி உயர்த்திக் கையை விடச் சொல்லுங்கள். சுருள்வில் சரியாக இருந்தால் அது நின்ற இடத்தில் நிற்கும். சடாரென்று விழுந்தாலோ மேலே பாய்ந்தாலோ பொருத்திய பாஸே அதைச் சரிசெய்யட்டும். அந்த வில்லில் நீங்களோ உங்கள் மகனோ கை வைக்க வேண்டாம். பிறகு நீங்களே ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.