மலையகத்தின் காகிதங்களைக் காப்பது யார்?

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மக்களிடம் அரசாங்கம் தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், மணமானவர்கள் 7 ஆண்டும் மணமாகாதவர்கள் 10 ஆண்டும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின; சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. அந்த மறுப்பின் வேர் அரசியலில் இருந்தது, ஐயமில்லை. ஆனால் அந்த அரசியல் கையில் எடுத்த ஆயுதம் காகிதம். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ லயன் காம்பிராவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பிரட்டு எனும் காலை ஆட்கணக்குக்குப் போன ஒருவரின் வாழ்நாள் முழுவதும் செக்றோல் எனும் தொழிலாளர் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. அந்தச் செக்றோலோ தோட்டத் துரையின் ஆபீஸ் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. தன் வாழ்க்கைக்கான சாட்சி தன் கையில் இல்லாத சமூகம் எவ்வளவு எளிதில் நாடற்றதாக்கப்படும் என்பதை மலையகம் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் நம் காகிதங்களை நாமே சேர்த்துக் காக்கும் வேலையை இன்னும் ஓரிரு தனிமனிதர்களின் ஆர்வத்துக்கே விட்டிருக்கிறோம். அதைச் சமூகத்தின் பொதுப் பணியாக எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் இது.

பழைய ஏடுகளைச் சேர்ப்பது ஓய்வான மனிதர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சேர் ரொபர்ட் கொட்டனை நினைத்துப் பார்க்க வேண்டும். முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரசவையில் செல்வாக்கோடு இருந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். மடாலயங்கள் கலைக்கப்பட்டபோது சிதறிய கையெழுத்துப் பிரதிகளையும் நாணயங்களையும் பழம்பொருள்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1215ஆம் ஆண்டின் மக்னா கார்ட்டா சாசனத்தில் இன்று எஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் இரண்டு அவர் சேகரிப்பில் இருந்தவை. நாடாளுமன்றத்தார் மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை கட்ட முனைந்த நாட்களில், முன்னுதாரணம் தேடி அவரது நூலகத்துக்கே போனார்கள். முதலாம் சார்ள்ஸ் மன்னர் 1629இல் அதை இழுத்து மூட உத்தரவிட்டார். தன் ஏடுகளையே தொட முடியாத நிலையில் 1631இல் கொட்டன் இறந்தார். அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒரு நூலகத்தைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் உண்டு. உரிமை கேட்பவன் கையில் பழைய தாள் ஒன்று இருந்தால், அவன் பேச்சைக் கெஞ்சல் என்று தள்ளிவிட முடியாது.

மலையகத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராக இருந்த கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகை வழியாகத் தோட்டத்துக் கொடுமைகளை அச்சில் ஏற்றினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக்கி மேடைகளில் பாடினார். மடக்கும்புரை தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர் மக்களின் வாக்குரிமையே பறிபோய், 1952 தேர்தலில் அந்தக் குரல் நாடாளுமன்றத்திலிருந்து மறைந்தது. ஆனால் கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் பாடப்பட்ட நாட்டார் பாடல்களை அவர் சேர்த்துவைத்தார். பதவி போன பின்னும் அந்தச் சேகரிப்பு நிற்கிறது. நடேசய்யரின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்துச் சாரல் நாடன் நூலாக்கியிராவிட்டால், இன்றைய தலைமுறைக்கு அவர் வெறும் பெயராகவே எஞ்சியிருப்பார். கொட்டனுக்கு மாளிகையும் பணமும் இருந்தன. நம்மவர்கள் கைக்காசைச் செலவழித்துச் செய்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக உள்ளன. ஹந்தானையின் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்கள் மினுங்குகின்றன. அந்த 19 ஏக்கரை வெட்டித் திருத்தியவர்களின் சொல் ஒன்றுகூட அப்படிப் பேணப்படவில்லை. கம்பளைப் பகுதியில் பழைய பீகொக் தோட்டத்தின் லயன் அறைகளிலேயே, கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அமைத்தது உண்மையிலேயே பாராட்டுக்குரியது. ஒன்று போதாது. ஆள்கட்டி வந்தவர்கள் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டு, 1921இல் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியின் கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமந்து சென்ற துண்டுச்சீட்டு, காமன் கூத்துப் பாட்டு எழுதிய கொப்பி, சங்கத்தின் சந்தா அட்டை என எத்தனையோ பொருள்கள் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்பெற்ற ரயிலில் தலைமன்னாருக்குப் போனவர்களோடு போன பெட்டிகள் இன்று நீலகிரியில் இருக்கின்றன. அவற்றையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நாட்சம்பளத்துக்கே போராடும் மக்களுக்கு ஆவணக் காப்பகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் சம்பளம், காணி, ஓய்வுக்கால நிதி எதுவும் காகிதம் இல்லாமல் நகர்வதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பேரும் அடையாள அட்டையில் இன்னொரு பேருமாக இருப்பதால் சேமலாப நிதிக்கு அலைகிற முதியவருக்குப் பழைய செக்றோல் பக்கம் ஒன்று சோறு போடும். காணியுரிமை கேட்கும் குடும்பத்துக்கும் அந்த மண்ணில் எத்தனை தலைமுறை உழைத்தோம் என்று காட்டுவதே முதல் வாதம். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. அங்கே பெரும்பாலும் ஆண்டவர்களின் பார்வையில் எழுதப்பட்டவையே உள்ளன. மஸ்கெலியாவிலிருந்து ஒரு நாள் சம்பளத்தை இழந்து அங்கே போய்த் தேடவும் ஒரு தொழிலாளியால் ஆகாது. அடிமைத்தனத்தின் அடையாளங்களை எதற்குக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்ற மனவேதனை மூன்றாவது. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் தகரத் துண்டு அணிந்தவரின் வெட்கம் அல்ல, அணிவித்தவரின் குற்றச்சான்று. அதை மறைத்தால் குற்றமும் சேர்ந்து மறையும்.

சேர்த்தால் மட்டும் போதாது என்பதற்கும் கொட்டனின் நூலகமே பாடம். அவர் குடும்பம் அதை நாட்டுக்கு ஒப்படைத்தது. இருந்தும் 1731இல் தீப்பிடித்து ஏராளமான ஏடுகள் கருகின, மக்னா கார்ட்டா பிரதிகளில் ஒன்றும் சிதைந்தது. நமக்கு அதைவிட அருகிலேயே ஒரு காயம் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் ஒரு தீக்குச்சி போதும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களோடு மலையக ஏடுகளையும் மின்பிரதியாக்கி வருவது ஒரு பெரிய காவல். மூலம் மலையகத்திலும் பிரதி வேறு இரண்டு இடங்களிலும் இருப்பதே பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. 1975இல் அரசுடைமையான பெருந்தோட்டங்களின் முகாமைத்துவம் 1992இல்தான் தனியார் கம்பனிகளுக்குப் போனது. ஆக, அந்த 17 ஆண்டுகளின் செக்றோல்களும் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளும் பொது நிறுவனங்களின் ஏடுகள். அவற்றைக் கரையானுக்கு விடாமல் ஒப்படைக்கச் சொல்ல அரசுக்கு உரிமையும் கடமையும் உண்டு. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பொதுக் காப்பகம் அமைத்து அவற்றை வாங்கிவைக்க மலையகப் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். தொழிற்சங்கங்கள் தங்கள் பழைய கோப்புகளைத் திறந்து முதலில் வழிகாட்டட்டும். தோட்டப் பாடசாலைகளின் உயர்தர மாணவர்கள் தத்தம் லயத்துப் பெட்டிகளைப் படமெடுத்துப் பட்டியல் இடட்டும். 1949இல் ஆதாரம் எங்கே என்று கேட்டபோது நம் முன்னோர் துரையின் அலுமாரியைப் பார்த்து நின்றார்கள். அதன் திறவுகோல் இனி மலையக மக்களின் கையில் இருக்க வேண்டும்.