எரிச்சல் மூலதனம் ஆகாது

"உங்களுக்கு எரிச்சலூட்டும் ஒரு விஷயத்தைத் தீருங்கள், ஸ்டார்ட்அப் தானாகப் பிறக்கும்" என்ற அறிவுரை வேதவாக்காகிவிட்டது. அது பொய்யான ஆறுதல். அதை நம்பிக் கடன் வாங்கித் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்காகவாவது இதை உரக்கச் சொல்லியாக வேண்டும்.

சான்றாக மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸின் கதையைச் சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து சென்னை திரும்பிய அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதத்தின் டி.வி. வரும் வழியில் உடைந்துவிட்டது. காப்பீட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தார். இணையத்தில் எழுதியதும் பணம் வந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் நிறுவனம் என்பது கதை. டி.வி. உடைந்ததை அவரே சொல்லியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் சாமான் கப்பலில் உடைந்து அலைந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஏன் நிறுவனம் தொடங்கவில்லை? கிரீஷ் அதற்கு முன் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஹெல்ப் டெஸ்க் மென்பொருளில் ஊறியவர். அதை யார் வாங்குகிறார்கள், என்ன விலைக்கு வாங்குகிறார்கள், எதற்காகக் குறைப்படுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால்தான் 2010இல் அதே வகை மென்பொருளை விற்ற ஸென்டெஸ்க் விலையை ஏற்றி வாடிக்கையாளர்கள் கொதித்த செய்தி கண்ணில் பட்டதும், அங்கே ஒரு தொழிலுக்கு இடமிருப்பது அவருக்குத் தெரிந்தது. கூடச் சேர்ந்த ஷான் கிருஷ்ணசாமியும் ஸோஹோக்காரர்தான். 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் வரை போனது அந்த அனுபவம். டி.வி. அல்ல.

இணையத்தில் பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ்ஸின் கதையும் இப்படித்தான். 2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஊருக்குப் போக பஸ்ஸில் இடம் கிடைக்காமல் தவித்தார் அதன் நிறுவனர் பணீந்திர சாமா. அன்று தவித்தவர் அவர் ஒருவர்தானா? அவர் செய்த வேறு காரியம் ஒன்று உண்டு. பஸ் முதலாளிகளையும் ஏஜென்ட்டுகளையும் தேடிப்போய், டிக்கெட் எப்படிக் கைமாறுகிறது என்று நண்பர்களோடு விசாரித்தார். ஆளுக்குச் சில சீட்டுகள், எல்லாம் போனிலேயே பேச்சு, எந்த பஸ்ஸில் எது காலி என்று முழுசாக யாருக்கும் தெரியாது. கோளாறு இருந்த இடம் அதுதான். முதலில் எழுதிக் கொடுத்த மென்பொருளை முதலாளிகள் சீந்தவில்லை. பிறகு தாங்களே டிக்கெட் விற்கும் ஏஜென்ட்டுகளாக இறங்கினார்கள். தீபாவளி எரிச்சல் அவர்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டது, அவ்வளவுதான். மேடையில் சொல்லப்படுவதோ அந்த ஓர் இரவு மட்டும்.

சில கதைகள் அப்பட்டமான புனைவு. வருங்கால மனைவி 'பெஸ்' (PEZ) மிட்டாய் டப்பாக்களைச் சேகரிக்க உதவத்தான் பியேர் ஒமிடியார் இணைய ஏலத் தளமான ஈபேயைத் தொடங்கினார் என்று உலகமே நம்பியது. செய்தியாளர்களைக் கவர நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு ஜோடித்த கதை அது என்று 2002இல் ஆடம் கோஹன் எழுதிய புத்தகத்தில் வெளிவந்தது.

என் கோபமெல்லாம் இதைவிடப் பெரிய கேட்டின் மீது. எரிச்சல்தான் வித்து என்றால், யாருடைய எரிச்சல்? முதலீட்டாளர் முன் போய் நிற்க முடிகிற நகரத்துப் பட்டதாரியின் எரிச்சல். ஆகவே சலவைக்கும் பத்து நிமிட மளிகைக்கும் பணம் கொட்டுகிறது. இதற்கு நேர்மாறாக, கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் எடுத்துக்கொண்ட பிரச்சினை அவருடையதே அல்ல. மனைவி மாதவிலக்குக்குக் கந்தல் துணி பயன்படுத்துவதைப் பார்த்தார். தன் உடம்பில் ஒருநாளும் உணர முடியாத சிரமம் என்பதால் ஆட்டு ரத்தம் நிரப்பிய பையைக் கட்டிக்கொண்டு நடந்து சோதித்தார். ஊர் ஏசியது, மனைவி பிரிந்து போனார். கம்பெனிகள் நாப்கினில் வைப்பது வெறும் பஞ்சல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே ஆண்டுகள் ஆயின. அவர் செய்த மலிவு விலை நாப்கின் இயந்திரங்கள் இன்று பல ஊர்களில் பெண்கள் கையில் ஓடுகின்றன.

கல்லூரிப் பயிலரங்குகளில் "உனக்கு எது எரிச்சல்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்த மாணவர்களை லாரி புக்கிங் ஆபீசுக்கும் காய்கறி மண்டிக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு செமஸ்டர் முழுக்க அனுப்புங்கள். அங்கே யார் எதற்குத் திண்டாடுகிறார்கள், தீர்த்தால் யார் காசு கொடுப்பார்கள் என்று எழுதி வரச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அதற்குப் போடுங்கள்.