பேரீச்சம்பழக்காரருக்குத் தெரிந்த கணக்கு

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

என் வயதுக்காரர்களுக்கு இந்தக் குரல் மறந்திருக்காது. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் தெருவுக்குள் அந்தத் தள்ளுவண்டி நுழைந்ததும் நாங்கள் கொல்லைப்புறத்துக்கு ஓடுவோம். ஓட்டை விழுந்த ஈயப் பாத்திரம், துருப்பிடித்த ஆணி, உடைந்த தாழ்ப்பாள், எது அகப்பட்டாலும் வாரிக்கொண்டு போவோம். அவர் தராசில் போட்டுப் பார்த்து, காகிதத்தில் பழம் வைத்துக் கொடுப்பார். ஒருமுறை நன்றாக இருந்த பித்தளைச் சொம்பையே கொடுத்துவிட்டு அம்மாவிடம் அடி வாங்கியது தனிக்கதை. ஒன்று மட்டும் நிச்சயம், அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒரு துண்டு இரும்பு அநாதையாகக் கிடந்து நான் பார்த்ததில்லை.

இதற்கு இப்போது 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருப்பதாகப் பேரன் வந்து கேட்டான். அவனுக்காகச் சில அரசுத் திட்டங்களை எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. அதைக் கொட்டவே இந்தப் பதிவு.

2023 மே மாதம் 'சிட்டீஸ் 2.0' என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தொகை 1,866 கோடி ரூபாய். பிரெஞ்சு, ஜெர்மன் வளர்ச்சி வங்கிகள் ஆளுக்கு 10 கோடி யூரோ கடன் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1.2 கோடி யூரோ மானியம் தருகிறது. குப்பையில் சுழற்சிப் பொருளாதாரத்தைக் கொண்டுவருவது முக்கிய நோக்கம். யாருக்குப் பணம்? ஸ்மார்ட் சிட்டிகளுக்குள் போட்டி வைத்து 18 நகரங்களுக்கு. 2025 மார்ச்சில் ஜெய்ப்பூரில் மாநாடு கூட்டி ஒப்பந்தமும் போட்டாயிற்று. மற்ற ஊர்களுக்கு ஆலோசனையும் பயிற்சியும் உண்டாம். அதற்கு முன்பே 2023 பட்ஜெட்டில், கழிவிலிருந்து செல்வம் எடுக்க 500 ஆலைகள், 10,000 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவித்திருந்தார்கள்.

நம்முடையது பேரூராட்சி. போட்டிக்கு விண்ணப்பம் போடக்கூட நமக்குத் தகுதி கிடையாது. ஆனால் நம் ஊருக்குக் கிடைக்கவில்லையே என்பதல்ல என் வருத்தம். கிடைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் பச்சை மசியால் டிக் போட்டவன் நான். ஒரு பேரூராட்சி, பெயர் வேண்டாம். பிளாஸ்டிக்கைத் துண்டாக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தார்கள். கோப்பு அத்தனை சுத்தம். டெண்டர், விலைப்புள்ளிகள், ரசீது, இருப்புப் பதிவேட்டில் பதிவு, எல்லாம் சரியாக இருந்தன. நேரில் பார்க்கலாம் என்று குப்பைக் கிடங்குக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குள் அந்த இயந்திரம் ஒட்டடை படிந்து நின்றது. வெளியே வெயிலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து வெறும் கையால் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, மெஷின் ஓடறதில்லையா?" என்று கேட்டேன்.

"கரண்ட் பில்லு யாரு சார் கட்டறது? பெல்ட்டு அறுந்துபோய் ஒரு வருசம் ஆவுது. அந்தக் காசுல எங்களுக்குக் கையுறையாச்சும் வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றார் ஓர் அம்மா.

நான் திரும்பி வந்து பச்சை டிக் போட்டேன். வேறு வழியில்லை. பணம் வந்ததா, விதிப்படி வாங்கினார்களா, பொருள் இருக்கிறதா என்று கேட்க எங்களுக்குக் கட்டங்கள் இருந்தன. அது எத்தனை கிலோ அரைத்தது என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. என் பங்குக் குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேலிருந்து வரும் மானியம் பெரும்பாலும் மூலதனச் செலவுக்கு. கட்டடம் கட்டலாம், வண்டி வாங்கலாம், இயந்திரம் வாங்கலாம். ஓட்டுகிறவர் சம்பளம், மின்கட்டணம், பழுது பார்க்கும் செலவு எல்லாம் பேரூராட்சியின் சொந்த வருமானத்திலிருந்து வரவேண்டும். வீட்டு வரியை நம்பி ஓடும் ஊருக்கு அந்த வருமானம் எங்கே இருக்கிறது? யானையைத் தானமாகக் கொடுத்துவிட்டுத் தீனிக்கு நீயே பார்த்துக்கொள் என்பது போலத்தான். குப்பைக்கோ தினமும் விடிகிறது. அதை ஒருமுறை கொடுக்கும் பணத்தால் சமாளிக்க முடியாது.

ஆள் பலத்துக்குக் காசு ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோதும், 2022-இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் அந்த வட்டாரம் எப்படிப் பளபளத்தது! எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் செய்த வேலையல்ல அது. விளக்குமாறு பிடித்த கைகள் செய்தது. விருந்தாளி போனதும் அந்தக் கைகளும் போய்விட்டன.

நம் ஊரின் பெயரே கழுகால் வந்தது. உச்சிவேளையில் வேதகிரி மலைமேல் இரண்டு பறவைகள் வந்து இறங்க, சர்க்கரைப் பொங்கல் வைத்து உபசரித்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பறவை ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்கிறார்கள். செத்ததையும் கழிவையும் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் பறவை. துப்புரவு செய்யும் பறவைக்குப் பொங்கல் படைத்துக் கும்பிட்ட ஊர் நாம். துப்புரவு செய்யும் மனுஷிக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் உட்கார்ந்து போராடினார்கள். தங்கள் வேலை தனியாருக்குப் போகிறது, சம்பளம் குறையும் என்பதுதான் அவர்கள் முறையீடு. நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். மாநாட்டு மேடைகளில் பேசும் சுழற்சியைத் தினமும் சுற்றவைப்பது அவர்கள் கைதான்.

சரி, வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் டாஸ்மாக்கில்! உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே முதல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் போட்டுவிட்டுப் போனாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்தார். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிவாக்கினார்கள். கடை ஊழியர்கள் வேலைப்பளு என்று முறையிட்டார்கள். அது நியாயமான முறையீடு, அதற்குத் தனி ஆள் போடவேண்டும். ஆனால் பேரீச்சம்பழக்காரரின் கணக்கு அப்படியே பலித்ததைக் கவனியுங்கள். தூக்கி எறியும் பொருளுக்கு ஒரு விலை வைத்தால் அது தெருவில் கிடக்காது.

"உற்பத்தியாளர் பொறுப்பு என்று சட்டமே இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. 2022 முதல், பிளாஸ்டிக் உறை போட்டு விற்பவர் அதற்கு ஈடாக மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கிக் காட்டவேண்டும். விற்பவர் ஆலைக்காரர், வாங்குபவர் கம்பெனிக்காரர். தெருவில் பொறுக்கிய கைக்கு அந்த வியாபாரத்தில் இடமில்லை. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது நாலே நாலு ஆலைகள் கொடுத்த சான்றிதழ்களில் ஆறு லட்சத்துக்கு மேல் போலி என்று தெரியவந்தது. தணிக்கைக்காரனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சரக்கை எடைபோடாமல் காகிதத்தை எண்ணினால் காகிதம்தான் பெருகும்.

இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெருநகரத்துக்குப் பெரிய ஆலை தேவைப்படலாம். அங்கும் பிரிக்காமல் வரும் குப்பையை வைத்துக்கொண்டு எந்த ஆலையும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே என் கோரிக்கை மூன்றுதான்.

ஒன்று, புதுமைக்கென்று ஒதுக்கும் பணத்தில் பாதியைப் பேரூராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் மாதாமாதம் நடைமுறைச் செலவுக்குக் கொடுங்கள். இரண்டு, வாங்கிய பொருளைக் கணக்குப் பார்க்காதீர்கள். கிடங்கிலிருந்து பிரித்து வெளியே போன எடையைப் பாருங்கள். அந்த எடைக்குப் பிரித்தவர் கையில் ஊக்கத்தொகை கொடுங்கள். மூன்று, டாஸ்மாக் பாட்டிலுக்கு வைத்ததைத் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் வையுங்கள்.

தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள். இன்றும் பௌர்ணமி கிரிவலம் முடிந்த மறுநாள் காலை மலையைச் சுற்றி நடந்து பாருங்கள், கப்பும் கவரும் பாட்டிலும் காலில் இடறும். ஒரு பாட்டிலுக்கு ஐந்து ரூபாய் என்று சொல்லிப்பாருங்கள். விடிவதற்குள் சிறுவர்கள் பொறுக்கி முடித்திருப்பார்கள்.

பேரன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "தாத்தா, கட்டுரையில பேரீச்சம்பழம்னு எழுதினா மார்க் போடமாட்டாங்க" என்றான். போடாவிட்டால் போகட்டும் என்றேன்.